ஆண்டுக்கொரு முறை நிரூபிக்கட்டும்

நிதித் தொழில் செய்யும் நிறுவனங்கள் தங்கள் லைசென்ஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று இன்று யாராவது சொன்னால் அவரைப் பழங்காலத்து மனிதராகத்தான் பார்ப்பார்கள். வர்த்தக சபைக் கூட்டத்தில் சொன்னால் சிரிப்பு எழும். ஆடிட்டரிடம் சொன்னால், “இருக்கிற ஃபாரம் போதாதா சார்?” என்பார். அரசும் பத்தாண்டுகளுக்கு மேலாக எதிர்த்திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஒருமுறை பதிவு செய்தால் போதும், யாராவது ரத்து செய்யும்வரை அது செல்லும் என்பதே இப்போதைய கொள்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்றிருந்த விதி 2015 சட்டத் திருத்தத்தோடு போனது. 2016 டிசம்பரில் செபி, மெர்ச்சன்ட் பேங்கர்கள், கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்கள், போர்ட்ஃபோலியோ மேலாளர்கள், முதலீட்டு ஆலோசகர்கள் என்று ஒரு பெரிய பட்டியலுக்கே நிரந்தரப் பதிவு கொடுத்தது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி தரும் பதிவுச் சான்றிதழில் காலாவதித் தேதி என்று எதுவும் கிடையாது.

இதையெல்லாம் சீர்திருத்தம் என்று கொண்டாடுகிறார்கள். டெபாசிட் போட்டவனின் பக்கம் நின்று பார்த்தால் இது பின்னடைவு.

கொண்டாடுகிறவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் ‘லைசென்ஸ் ராஜ்’. 1991-க்கு முந்தைய காலத்தை நினைவுபடுத்திப் பயமுறுத்துவார்கள். அந்த லைசென்ஸ் வேறு, இது வேறு. எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம், எத்தனை டன் சிமென்ட் உற்பத்தி செய்யலாம் என்று தன் சொந்த முதலைப் போட்டுத் தொழில் செய்பவனுக்கு அரசு கட்டளையிட்டது அந்தக் காலத்து லைசென்ஸ். அது ஒழிந்தது நல்லதே. நிதி நிறுவனம் அடுத்தவர் பணத்தை வைத்துத் தொழில் செய்கிறது. ஸ்கூட்டர் கம்பெனி நொடித்தால் முதலாளிக்கும் அவருக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் நஷ்டம். டெபாசிட் வாங்கிய கம்பெனி நொடித்தால், பெண்ணின் கல்யாணத்துக்கென்று பணம் போட்டவர் தெருவுக்கு வருகிறார். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது வசதியான குழப்பம்.

அவர்களுடைய அடுத்த வாதம் லஞ்சம். இதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. அடகுக்கடை நடத்துகிறவரைக் கேட்டுப் பாருங்கள். லைசென்ஸ் புதுப்பிக்க மனு கொடுத்த பிறகு ஃபைல் எந்த மேஜையில் உட்காரும், அது எழுந்து நடக்க என்ன செய்ய வேண்டும் என்பதை விலாவாரியாகச் சொல்வார். அதோடு விடாமல் இதையும் கேளுங்கள்: வட்டி விகிதம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி மாட்டியிருக்கிறதா, அடகுச் சீட்டில் நகையின் எடை சரியாக இருக்கிறதா, ஏலத்துக்கு முன்னால் நோட்டீஸ் போனதா என்று யாராவது கடைக்கு வந்து பார்த்தார்களா? பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

ஒன்றையும் சரிபார்க்காமல் கையெழுத்து மட்டும் போடுகிற இடத்தில், கையெழுத்துக்கு விலை வந்துவிடுகிறது. விண்ணப்பத்தில் என்ன காட்ட வேண்டும் என்பது அச்சில் இருந்து, அதைக் காட்டியாயிற்றா இல்லையா என்பது இணையத்தில் ஊருக்கே தெரிந்தால், மேஜைக்குப் பின்னால் இருப்பவரிடம் விற்க ஒன்றும் இருக்காது. லஞ்சம் வாங்குகிறார்கள் என்பதற்காகப் பத்திரப் பதிவையே எடுத்துவிடலாம் என்று யாரும் சொல்வதில்லை. புதுப்பிப்பை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

இந்தச் சர்ச்சையில் யாரும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது: நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? லைசென்ஸுக்குக் காலாவதித் தேதி இருந்தால், அந்தத் தேதிக்குள் ‘நான் இன்னும் தகுதியோடு இருக்கிறேன்’ என்று கம்பெனிதான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், யாரும் எதுவும் செய்யாமலே, லைசென்ஸ் தானாக நின்றுவிடும். நிரந்தரப் பதிவில் இது தலைகீழாகிறது. கம்பெனி தகுதி இழந்துவிட்டது என்று அரசுதான் காட்ட வேண்டும். அதற்கு ஓர் அதிகாரி சந்தேகப்பட வேண்டும், விசாரிக்க வேண்டும், நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பதில் வாங்க வேண்டும், உத்தரவு போட வேண்டும், அதன் மேல் வரும் அப்பீலில் ஜெயிக்கவும் வேண்டும். இத்தனையும் நடந்து முடியும்வரை கம்பெனியின் போர்டில் ‘பதிவு பெற்றது’ என்ற வாசகம் மின்னிக்கொண்டே இருக்கும். எட்டு வயதைத் தாண்டிய ஆட்டோ, சாலையில் ஓட வேண்டுமானால், ஆண்டுதோறும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எஃப்.சி. வாங்க வேண்டும். பிரேக் பிடிக்கிறது என்று வண்டிக்காரர்தான் காட்ட வேண்டும். பிடிக்கவில்லை என்று ஆர்.டி.ஓ. வழக்குப் போட்டு நிரூபிக்கும்வரை ஓட்டலாம் என்று எந்த மோட்டார் வாகனச் சட்டமும் சொல்லவில்லை. மூன்று பேர் ஏறும் ஆட்டோவுக்கு உள்ள கண்டிப்பு, ஐந்நூறு கோடி டெபாசிட்டுக்கு இல்லை.

இது வெறும் தர்க்கம் என்று நினைப்பவர்களுக்கு, நம் கண்ணெதிரில் நடந்த ஒரு பரிசோதனையே இருக்கிறது. ‘நிதி’ கம்பெனிகளைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெனிஃபிட் ஃபண்டு என்றால் மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் பாட்டிமார்களுக்குக்கூடத் தெரியும். உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டும் கடன் கொடுக்கும் கம்பெனி. 1956 கம்பெனிச் சட்டத்தின்படி, மத்திய அரசு அறிவித்தால்தான் ஒரு கம்பெனி ‘நிதி’ ஆகும். 2013 சட்டமும் 2014 விதிகளும் வந்தபோது அந்த அறிவிப்பு வேண்டியதில்லை என்றானது. கம்பெனியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஓராண்டுக்குள் குறைந்தது 200 உறுப்பினர்களைச் சேருங்கள். 10 லட்சம் ரூபாய் சொந்த நிதி வைத்திருங்கள். டெபாசிட், சொந்த நிதியைப் போல் 20 மடங்கைத் தாண்ட வேண்டாம். வாங்கிய டெபாசிட்டில் 10 சதவீதத்தை, வேறு எதற்கும் ஈடு வைக்காமல், வங்கியிலோ தபால் நிலையத்திலோ போட்டு வையுங்கள். விதி இப்படி அழகாகத்தான் சொன்னது. தொழில் தொடங்குவதை எளிதாக்கியாயிற்று என்ற திருப்தி எல்லோருக்கும்.

2014 முதல் 2019 வரை பத்தாயிரத்துக்கும் அதிகமான கம்பெனிகள் ‘நிதி’யாகப் பதிவாயின. 2019-இல் அரசு விழித்துக்கொண்டது. என்.டி.எச்-4 என்ற படிவத்தில் விண்ணப்பித்து, நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்கிறோம் என்று காட்டி, மத்திய அரசின் அறிவிப்பைப் பெற வேண்டும் என்று விதி மீண்டும் வந்தது. விண்ணப்பித்தவை சுமார் 2,300. இது எதிர்க்கட்சிக்காரர் சொன்ன கணக்கு அல்ல. கம்பெனி விவகார அமைச்சகம் 2022-இல் தானே வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, தான் பரிசீலித்த விண்ணப்பங்களில் குறைந்தது 348 கம்பெனிகள் தேறவில்லை என்று முதலீட்டாளர்களை எச்சரித்ததும் அதே அமைச்சகம்தான்.

வராமல் போன ஏழாயிரத்துச் சொச்சமும் மோசடிக் கம்பெனிகள் என்று நான் சொல்லவில்லை. பல கம்பெனிகள் பேப்பரோடு நின்றிருக்கும். சில, ஆள் சேராமல் ஓய்ந்திருக்கும். ஆனால் கேள்வி கேட்கும்வரை, பதிவேட்டில் இவை எல்லாமே ஒன்றுபோல நின்றன. ஓய்ந்துபோன கம்பெனியும், ஒழுங்காக நடந்த கம்பெனியும், ஊரை ஏமாற்றக் காத்திருந்த கம்பெனியும் ஒரே மாதிரி பதிவு எண்ணைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தன. நான்கில் மூன்று பங்கை வடிகட்ட ஒற்றைப் படிவம் போதுமாக இருந்தது. அதை ஆண்டுதோறும் கேட்டால் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு இன்றுவரை நேரான பதில் வரவில்லை.

2022-இல் விதிகள் இன்னும் இறுகின. சொந்த நிதி 20 லட்சம். கம்பெனி தொடங்கிய 120 நாளுக்குள் விண்ணப்பம். இயக்குநர்களின் தகுதிக்கும் நேர்மைக்கும் அளவுகோல். எல்லாம் சரி. ஆனால் அதே திருத்தத்தில், விண்ணப்பம் வந்த 45 நாளுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதி வைத்தார்கள். அலுவலகம் தூங்கினால் நஷ்டம் கம்பெனிக்கு அல்ல, டெபாசிட்காரருக்கு. பொதுமக்கள் பணத்தைத் தொடும் தொழிலில் இப்படி ஒரு விதியை எழுதியவர்கள் எந்த ஊரில் வாழ்ந்தார்களோ தெரியவில்லை. ஆருத்ரா டெபாசிட் விவகாரம் நடந்த ஊரில் அல்ல.

அப்படி ஒருமுறை ‘நிதி’ என்று ஆகிவிட்டால் பிறகு? பிறகு எப்போதும் ‘நிதி’தான். 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்டைவிடப் பழமையும் பெயரும் உள்ள கம்பெனி இந்த வகையில் அரிது. ஒன்றரை நூற்றாண்டு. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நாமும் போடுவோம் என்று ஓய்வூதியப் பணத்தை அங்கே வைத்தவர்கள் ஏராளம். அங்கிருந்து வந்த காசோலைகள் திரும்பத் தொடங்கின. காவல்துறைக்குப் போனவர்கள் டெபாசிட்காரர்கள். 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு கைது செய்தது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது, ஏதோ கோளாறு என்பதை முதலில் கண்டுபிடித்தது ஏன் எழுபது வயது டெபாசிட்காரராக இருந்தார் என்பது. விதிப்படி தனியாக இருக்க வேண்டிய 10 சதவீதத்தை ஒவ்வோர் ஏப்ரலிலும் வங்கியே நேரடியாக உறுதிசெய்து அனுப்பினால்தான் அடுத்த ஆண்டு புது டெபாசிட் வாங்கலாம் என்று இருந்திருந்தால், காசோலை திரும்பும்வரை காத்திருக்க நேர்ந்திருக்குமா?

இந்த இடத்தில், விஷயம் தெரிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். ‘நிதி’ கம்பெனிகள் ஆறு மாதத்துக்கொரு முறை என்.டி.எச்-3 தாக்கல் செய்கின்றன. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஆடிட்டர் சான்றிதழ் கொடுக்கின்றன. இவ்வளவு காகிதம் போன பிறகு புதுப்பிப்பு எதற்கு என்பார்கள். இது அவர்களின் மிக வலுவான வாதம். ஆனால் காகிதம் போவதும் பதில் வருவதும் ஒன்றல்ல. தாக்கல் செய்த கணக்கை யாரும் படிக்காவிட்டால் எதுவும் நடக்காது. கம்பெனி நடந்துகொண்டே இருக்கும். தாக்கலே செய்யாவிட்டாலும் பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பு விண்ணப்பத்தை யாரும் படிக்காவிட்டால் லைசென்ஸ் நின்றுபோகும். அதனால் அதைப் படிக்கவைக்க வேண்டிய அவசரம் கம்பெனிக்கே வரும். அதே தகவல்தான், அதே படிவமாகக்கூட இருக்கட்டும். கூடுதல் காகிதம் ஒன்றுகூட வேண்டாம். அந்தக் காகிதத்தோடு ஒரு விளைவைக் கட்டிவையுங்கள் என்பதுதான் கோரிக்கை.

ரத்து செய்வது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்குக் கார்வி ஒரு பாடம். வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கடனுக்கு ஈடு வைத்தது என்று அந்தப் பங்குத் தரகு நிறுவனத்தின் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது 2019 நவம்பரில். புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை உடனே வந்தது. அதை மறைக்கக் கூடாது. தேசியப் பங்குச் சந்தை அதை வெளியேற்ற ஓராண்டு ஆனது. பதிவை செபி ரத்து செய்ததோ 2023-இல். ஊரே அறிந்த ஒரு விவகாரத்தில், குற்றம் வெளிவந்த பிறகு, பதிவு சாக மூன்றாண்டுகளுக்கு மேல். ஊர் அறியாத சின்னக் கம்பெனியின் பதிவு எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு 2015-இல் புதுப்பிப்பை எடுத்தார்களே, ஆண்டுக் கட்டணத்தை எடுக்கவில்லை. செபியின் நிரந்தரப் பதிவும் உயிரோடு இருக்க, காலாகாலத்தில் கட்டணம் கட்டியாக வேண்டும். நீக்கப்பட்டது கேள்வி மட்டும். வசூல் அப்படியே இருக்கிறது. பழைய புதுப்பிப்பும் பெரும்பாலும் பணம் கட்டிய ரசீதாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கேள்வியைக் கூர்மையாக்கியிருக்க வேண்டும். அவர்கள் கேள்வித்தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு, பரீட்சைக் கட்டணத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தனிமனிதர் என்றால் மட்டும் இந்தத் தாராளம் எங்கே போகிறதோ. மியூச்சுவல் ஃபண்டு விற்கும் முகவரின் ஏ.ஆர்.என். பதிவுக்கு ஆயுள் மூன்றாண்டு. அதைப் புதுப்பிக்க, அவருடைய என்.ஐ.எஸ்.எம். சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும், அல்லது தொடர்கல்வி வகுப்பில் உட்கார வேண்டும். திருவண்ணாமலையில் ஸ்கூட்டரில் போய் மாதம் ஆயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. பிடிக்கிறவர், தான் படித்தது மறக்கவில்லை என்று மூன்றாண்டுக்கொரு முறை காட்டுகிறார். அந்தப் பணத்தையெல்லாம் திரட்டி ஆளும் நிறுவனங்களை நாம் ஒருமுறை நம்பினால் ஆயுளுக்கும் நம்புகிறோம். இதில் எது தொழிலை எளிதாக்குவது, யாருக்கு எளிதாக்குவது?

ஆண்டுப் புதுப்பிப்பு நடைமுறையில் சாத்தியமில்லை என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். மற்றதற்கெல்லாம் அங்கேதானே பார்க்கிறோம். வீட்டுக்கடன் குமிழி வெடித்த பிறகு, கடன் பிடித்துக்கொடுத்தவர்களில் யாரிடம் லைசென்ஸ் இருந்தது, யாரிடம் இல்லை என்பதே மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்தது தெரிந்தது. 2008 ஜூலையில் வந்த சேஃப் சட்டம், மாநில லைசென்ஸில் வீட்டுக்கடன் ஏற்பாடு செய்யும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும் என்றது. நவம்பர் 1-இல் சாளரம் திறக்கும், டிசம்பர் 31-இல் மூடும். அதற்குள் எட்டு மணி நேர வகுப்பு முடிந்திருக்க வேண்டும்: மத்தியச் சட்டம் மூன்று மணி நேரம், நேர்மையும் மோசடித் தடுப்பும் இரண்டு, வழக்கத்துக்கு மாறான கடன் வகைகள் இரண்டு, மீதி ஒன்று. போன ஆண்டு எடுத்த அதே வகுப்பை இந்த ஆண்டும் எடுத்து ஒப்பேற்ற முடியாது. லைசென்ஸுக்கான அடிப்படைத் தகுதிகள் இன்னும் இருக்கின்றன என்றும் காட்ட வேண்டும். புதுப்பிக்காதவர் ஜனவரி 1 முதல் கடை விரிக்கக் கூடாது. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான ஒரே இணையப் பதிவேடு. வீடு வாங்கப் போகிறவர் காசு கொடுக்காமல் அதில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். வங்கி ஊழியர்களுக்குத் தேர்வும் வகுப்பும் இல்லாவிட்டாலும், அவர்களும் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் இதனால் தொழில் படுத்துவிடவில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் சீட்டுக் கம்பெனிகளையே பார்க்கலாம். 1982 சீட்டு நிதிச் சட்டம், ஒரு கம்பெனிக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் முன் அனுமதி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு. சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் வைத்த பிறகே ஏலம். அனுமதி வாங்கிப் பன்னிரண்டு மாதத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் அனுமதி தானாக விழுந்துவிடும், நீட்டிப்பும் அளவோடுதான். நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் செய்பவரிடம் வைக்கும் இந்த ஏற்பாட்டை நாற்பது ஆண்டுகளாக நடத்திக்கொண்டிருக்கிறோம். பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனிகள் இதனால் மூடிவிடவில்லை. ஊரைவிட்டு ஓடும் சீட்டுக்காரரைப் பற்றிச் செய்தி வந்தால், சீட்டு பதிவானதா என்று பாருங்கள், அநேகமாக இருக்காது.

சில விஷயங்களில் எதிர்த்தரப்பு சொல்வது சரி. ஒரே கேள்வியை இரண்டு அலுவலகங்கள் கேட்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிதி நிறுவனங்களிடம் கேரளமும் குஜராத்தும் தங்கள் வட்டித்தொழில் சட்டத்தின்படியும் லைசென்ஸ் கேட்டன. அது செல்லாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது நியாயமான தீர்ப்பு. லைசென்ஸே இல்லாமல் வசூலித்தவர்களைப் புதுப்பிப்பு தடுக்காது என்பதும் உண்மை. மாதம் 25, 30 சதவீதம் தருகிறோம் என்று ஆருத்ரா சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகச் சொல்லப்படும் வழக்கில், டெபாசிட் வாங்க அதனிடம் எந்த அனுமதியும் இல்லை. அதற்கு 2019-இல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டங்கள் கைகொடுக்கவும், யாரிடம் இந்த ஆண்டு செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்கிறது என்ற சுத்தமான பட்டியல் வேண்டும். உயிரோடு இருப்பதும் செத்ததும் கலந்து கிடக்கும் பதிவேட்டில் போலியைத் தேடுவது கடினம்.

கடைசியாக ஒரு பயம் காட்டுவார்கள்: புதுப்பிக்க மறுத்தால் டெபாசிட்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் வாசலில் வந்து நிற்பார்கள், நல்ல கம்பெனியும் விழும் என்று. லைசென்ஸ் விழுந்தால் கடையையே பூட்ட வேண்டும் என்று யார் சொன்னது? புது டெபாசிட் வாங்கக் கூடாது, புதுக் கிளை திறக்கக் கூடாது. கொடுத்த கடனை வசூலித்து, தவணைப்படி டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். குறையைச் சரிசெய்துவிட்டால் மீண்டும் விண்ணப்பிக்கலாம். பழைய டெபாசிட்டுக்கான வட்டியைப் புது டெபாசிட்டிலிருந்து கொடுத்துவந்த கம்பெனி மட்டும்தான் இந்த ஏற்பாட்டில் விழும். அது எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவ்வளவு குறைவான பேர் மாட்டுவார்கள்.

பொதுமக்களிடமோ உறுப்பினர்களிடமோ டெபாசிட் வாங்கும் கம்பெனிகளிலிருந்து தொடங்கட்டும். மார்ச் 31 என்று ஒரு தேதி. ஆடிட்டரும் வங்கியும் கம்பெனியின் கையில் கொடுக்காமல் நேரடியாக அனுப்பும் சான்றுகள். செல்போனில் பார்க்கக்கூடிய ஒரு தமிழ்ப் பட்டியல். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ‘நிதி’ கம்பெனிகளைப் பொறுத்தவரை விதித் திருத்தமே போதும். கம்பெனி விவகார அமைச்சகம் முதலில் அந்த 45 நாள் விதியை நீக்கட்டும்.